சிக்கல்காரர் துப்பாக்கியும் சிங்கப்பூர்த் தொட்டியும்

1

இதை எழுதப் பல வருஷமாகக் காகிதம் எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பயம். நான் எழுதப்போகும் சங்கதிக்கு இரண்டு பாதி உண்டு. ஊர் வாயில் ஒரு பாதி மட்டும் தங்கினால் இறந்துபோன ஒரு நல்ல மனிதர் மேல் பழி விழும். நான் சொல்லாமலே போனால் இன்னொரு நல்ல மனிதர் மேல் விழுந்த பழி அப்படியே நிற்கும். இரண்டு பேரும் இப்போது மண்ணுக்குள் இருக்கிறார்கள். அல்லாஹ்வுக்குத் தெரியும் என்று சும்மா இருந்தேன்.

போன மாதம் அப்படி இருக்க முடியாமல் போயிற்று.

எங்கள் கரையிலிருந்து புதிதாகச் சிங்கப்பூர் வந்த ஒருவர் என் வீட்டில் சாப்பிட்டார். வாலிநோக்கத்துக்காரர் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சோறு உண்டு, அது வழக்கம். கை கழுவியபின் பேச்சு ஊருக்குப் போயிற்று. ஊருக்கு மேற்கே உடைமரக் காட்டில் மார்கழி விடியலில் ஒரு வெடிச் சத்தம் கேட்கிறதாம். சிக்கல்காரன் ஒருவன் வண்டிமாட்டுச் சண்டைக்காகக் கூட்டாளியைச் சுட்டுக் கொன்றானாம். செத்த பிறகும் அவன் துப்பாக்கியோடு அங்கன அலைகிறானாம். சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சின்ன வயதுக்காரர், நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

என் மனைவி கையில் வெற்றிலைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். என் மகள் ஜைனப் கண்ணை அகல விரித்துக் கேட்டாள்:

"வாப்பா, அந்த ஆளு ஹந்துவா?"

ஹந்து என்றால் மலாயில் பேய். அவள் படிப்பது இங்கிலீஷ், விளையாடுவது மலாய், அடி வாங்கும்போது மட்டும் தமிழ். ஊரில் சுடப்பட்டவர் அவளுடைய சொந்த மாமா என்பது அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

எங்கள் வீட்டு மையித்து, எங்கள் சாவு, வேற்று ஊரில் வளர்கிற என் பிள்ளைக்கே பேய்க் கதையாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

2

சுடப்பட்டவர் சீனி முகம்மது. என் லாத்தா, அதாவது அக்கா, பாத்திமாவின் மாப்பிள்ளை, எனக்கு மச்சான். வத்தை என்கிற படகு வைத்துக் கடலோடியவர். தொழுகையும் கடலும் தவிர வேறு தெரியாது. ஆனால் அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு, கையில் கிடைத்ததற்கெல்லாம் எண்ணெய் போடுவது. கதவுக் கீல், கிணற்று உருளை, என் சைக்கிள் எதையும் விடமாட்டார். உப்புக் காற்று தின்றுவிடுமாம். "இவுகளை வெளியில உட்காரவச்சா என் காதுத் தோட்டுக்கும் எண்ணெய் போட்ருவாக" என்று லாத்தா கேலி செய்வாள்.

சிக்கல்காரர் பெயர் குருசாமி. மிளகாயும் பருத்தியும் போடுகிற விவசாயி. கொல்லையில் பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அவருக்கும் மச்சானுக்கும் எப்படிப் பழக்கம் வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் விவரம் அறிந்த நாளிலிருந்து அவர் மச்சானை மாப்ள என்பார், மச்சான் அவரை மாமா என்பார். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை துப்பாக்கியோடு வந்து எங்கள் லாத்தா வீட்டு வெளி அறையில் தங்குவார். இரண்டு பேரும் உடைமரக் காட்டில் முயலுக்குப் போவார்கள். மச்சான் பிஸ்மி சொல்லி அறுப்பார். பாதிக் கறி சிக்கலுக்குப் போகும்.

நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷம் கழித்து, ஒரு மார்கழிக் காலை. சுபுஹு தொழுதுவிட்டு மச்சான் அவரோடு போனார். நான் கரையில் நின்றேன். ஒரு வெடி கேட்டது. வழக்கமாக வெடிக்குப் பிறகு மச்சானின் கூப்பாடு கேட்கும், முயல் எந்தப் பக்கம் விழுந்தது என்று. அன்றைக்கு அது கேட்கவில்லை. அந்தக் கேட்காத இடம் இன்னும் என் காதில் இருக்கிறது.

குருசாமி மச்சானைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். துப்பாக்கி காட்டிலேயே கிடந்தது. முதலில் அவர் வாயிலிருந்து வந்ததும், போலீசில் சொன்னதும், கோர்ட்டில் சொன்னதும், சாகும்வரை சொன்னதும் ஒன்றுதான்: "நான் விரல் வைக்கல."

துப்பாக்கி அறியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரித் துப்பாக்கியில் வெளியே ஒரு சுத்தியல் நிற்கும், அதைக் குதிரை என்பார்கள். குதிரையைப் பின்னால் இழுத்தால், உள்ளே ஒரு பல்லில் ஒரு கொக்கி விழுந்து அதைப் பிடித்துக்கொள்ளும். விரலால் விசையை இழுத்தால்தான் கொக்கி விலகும், குதிரை விழும், வெடிக்கும். முயல் அசைந்ததைப் பார்த்துக் குருசாமி குதிரையை இழுத்தார். முயல் ஓடிவிட்டது. "போச்சு மாப்ள" என்று மச்சான் பக்கம் திரும்பினார். குதிரை தானாக விழுந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்.

ஊர் நம்பவில்லை. முந்தின வாரம் ஒரு கல்யாணத்துக்குத் தருவதாகச் சொன்ன வண்டிமாட்டைக் குருசாமி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார் என்று சிக்கல் சந்தையில் இரண்டு பேரும் சத்தம் போட்டிருந்தார்கள். அது போதுமாக இருந்தது.

லாத்தா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்த பெண் குறித்த காலம் வரை அந்நிய ஆண் பார்வை படாமல் உள்ளே இருக்க வேண்டும். குருசாமி ஜாமீனில் வந்து தெருவில் நின்று, மூடிய கதவைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னார். "தாயி, நான் விரல் வைக்கல." லாத்தா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. இத்தா முடிந்த பிறகும் சொல்லவில்லை. அதுவரை அவரை அண்ணன் என்று கூப்பிட்டவள், அதன்பிறகு அந்தப் பெயரையே எடுக்கவில்லை.

3

கோர்ட்டில் அந்தத் துப்பாக்கியைத் தட்டிப் பார்த்தார்கள், குலுக்கிப் பார்த்தார்கள். அப்போது சித்திரை வெயில். குதிரை விழவில்லை. வேண்டுமென்று சுட்டதற்குச் சாட்சி இல்லை, அஜாக்கிரதை என்று கொஞ்ச காலம் உள்ளே வைத்திருந்து வெளியே விட்டார்கள். லைசென்ஸ் போனது. குழலை அறுத்து, உதவாத இரும்பென்று மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கோர்ட் விட்டது, ஊர் விடவில்லை. அவர் வாலிநோக்கம் பக்கமே வரமுடியவில்லை. சிக்கலிலும் அவர் வந்தால் பேச்சு நிற்குமாம்.

நான் பிழைப்புக்குச் சிங்கப்பூர் வந்தேன். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் ஆயுதப் பட்டறையில் வேலை கிடைத்தது. துப்பாக்கிகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பிரஷ் போடுகிற வேலை. மச்சானைத் தின்ற சாமானைக் கழுவித்தான் சோறு என்று அல்லாஹ் எழுதியிருக்கிறான் என்று முதல் நாள் நினைத்துக்கொண்டேன். பிறகு பழகியது. வேலைக் கைலி தனி, தொழுகைக் கைலி தனி என்று வைத்துக்கொண்டேன்.

முதல் லீவில் ஊர் போய்த் திரும்பும்போது, ராமநாதபுரம் ஸ்டேஷனில் குருசாமி காத்திருந்தார். தாடி நரைத்திருந்தது. துண்டில் சுற்றிய ஒரு இரும்பை என் கையில் வைத்தார். அந்தத் துப்பாக்கியில் குதிரையும் கொக்கியும் பூட்டிய தகடு.

"தம்பி, நீங்க துப்பாக்கிப் பட்டறையில இருக்கீகளாம்ல. விரல் வைக்காம இது விழுமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. விழாதுன்னாலும் சொல்லுங்க. நானே ஒருவேளை வச்சுட்டு மறந்துட்டேனோன்னு இப்பல்லாம் தோணுது."

அந்தக் கடைசி வார்த்தை இல்லாவிட்டால் நான் வாங்கியிருக்க மாட்டேன். ஊர் நம்பாதது போக, அவரையே அவர் நம்பாத இடத்துக்கு வந்திருந்தார்.

நாகப்பட்டினத்தில் சுங்கத்துக்காரர் மூட்டையைக் கிளறினார். கருவாட்டுக்குள் இரும்பு. என்ன இது என்றார். மிஷின் சாமான் என்றேன். தையல் மிஷினா என்று அவரே கேட்டு, அவரே எழுதிக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொன்னார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கப்பல் கிளம்பும்வரை இஸ்திக்ஃபார் ஓதிப் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

4

பட்டறையில் அதை மேலாகத் துடைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கொக்கி கிடக்கும் இடுக்கில் பிரஷ் போகாது. கழற்றலாம் என்றால் திருகாணிகள் ஒட்டிப்போய் அசையவில்லை. அப்படியே பெட்டியில் கிடந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் பட்டறைக்குப் புது மிஷின் வந்தது. பேர் அல்ட்ராசானிக் கிளீனர். நாங்கள் தொட்டி என்போம். துருப்பிடிக்காத எஃகில் ஒரு தொட்டி, பக்கத்தில் கரண்டுப் பெட்டி. தொட்டியில் வெதுவெதுப்பான மருந்துத் தண்ணீர். காதுக்கு எட்டாத ஒரு சத்தத்தை மிஷின் தண்ணீருக்குள் விடுகிறது. அந்தச் சத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் பிறந்து பிறந்து உடைகின்றன. உடையும்போது இரும்பில் ஒட்டியதையெல்லாம் பிய்த்து எறிகின்றன. பிரஷ் போகாத ஓட்டைக்குள்ளும் தண்ணீர் போகும், தண்ணீர் போன இடமெல்லாம் சத்தமும் போகும்.

சத்தம் கேட்காது என்றாலும் வாணலியில் தண்ணீர் சுண்டுகிற மாதிரி ஒரு இரைச்சல் வரும், பல் கூசும். தொட்டியைக் கவனித்தவன் ஆ செங் என்ற சீனன். காலையில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைத் தண்ணீரில் பிடித்துக் காட்டுவான். எடுத்தால் பூச்சி அரித்த மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கும். அப்படி இருந்தால் தொட்டி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். விரலை விட்டால் உன் எலும்புக்கும் அதுதான் என்பான். சாமானைக் கம்பிக் கூடையில் தொங்கவிட வேண்டும், அடியில் படக்கூடாது. எடுத்தவுடன் அலசி, உலர்த்தி, எண்ணெயில் முக்க வேண்டும். எல்லாம் போய் மொட்டையாக நிற்கிற இரும்பு இந்த ஊர்க் காற்றில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்துவிடும்.

கூடை இறங்கியதும் அழுக்கு புகை மாதிரி கிளம்பும். பெரும்பாலும் கருப்பு, வெடித்த மருந்தின் கரி. போர்னியோ காட்டுச் சண்டையிலிருந்து வந்த சிலவற்றில் புகை பழுப்பாக வரும். அது என்னவென்று யாரும் கேட்பதில்லை. நான் உதட்டுக்குள் கலிமா சொல்லிக்கொள்வேன். அன்றைக்கெல்லாம் அஸர் தொழுகையில் சுஜூதில் நெற்றி வைத்தால் அந்த இரைச்சல் பூமிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் ஆ செங்கிடம் கடைத்தெரு மலாயில் சொன்னேன், என் ஊர் இரும்பு ஒன்று இருக்கிறது, அதனால் ஒரு மனிதர் செத்தார் என்று. சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவா என்றான்.

அவன் உடனே தொட்டியில் போடவில்லை. இடுக்கியில் தகட்டைப் பிடித்துக் குதிரையை இழுத்து நிறுத்தி, மரச் சுத்தியால் லேசாகத் தட்டினான். நின்றது. திரும்ப இழுத்தான், தட்டினான். நின்றது. அடுத்த தடவை அவன் தட்டவேயில்லை. இடுக்கியைத் திருகியதுதான், குதிரை டக்கென்று விழுந்தது.

நான் பின்னால் நகர்ந்து சுவரில் மோதிக்கொண்டேன்.

கொக்கி பல்லுக்குள் முழுக்க இறங்கவில்லை, நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கிறது, உள்ளே ஏதோ பிசின் பிடித்திருக்கிறது என்றான். பிறகு கூடையில் வைத்து இறக்கினான்.

முதலில் கொஞ்சம் துரு. பிறகு இடுக்கிலிருந்து தேன் நிறத்தில் புகை வந்தது, அதோடு மெல்லிய சருகு சருகாக ஏதோ மிதந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் அதன் வாடை எழும்பிற்று.

அந்த வாடையை எங்கள் கரைக்காரர் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குங்கிலியத்தைப் பொடித்து மீனெண்ணெயில் காய்ச்சி வத்தைக்குப் பூசுகிற வாடை. பூசினால் ஈரத்தை உள்ளே விடாது. வார்னிஷ் மாதிரி இறுகிப் பலகையோடு பலகையாகிவிடும். கடலுக்கு இந்தப் பக்கம், வெள்ளைக்காரன் பட்டறையில், மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"ஈக்கான்?" என்றான் ஆ செங், மூக்கைச் சுளித்து. மீனா என்று கேட்கிறான்.

மீன்தான் என்றேன்.

எடுத்து அலசி, எண்ணெய் போட்டு, மறுபடி இடுக்கியில் பிடித்தான். சுத்தியால் தட்டினான், ஓங்கித் தட்டினான், இடுக்கியோடு குலுக்கினான். குதிரை அசையவில்லை. விரலால் கொக்கியை அழுத்தினால்தான் விழுந்தது.

சிக்கலில் மீனெண்ணெய் கிடையாது. அவர்களுக்கு விளக்கெண்ணெய்தான். இதைப் பூசிய கை எந்தக் கை என்று அந்த நேரமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் காட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. அழுக்கு கழன்றதால் உண்மை தெரிந்தது, தெரிந்த அந்த நிமிஷமே சாட்சியும் தண்ணீரோடு போய்விட்டது. சாயங்காலம் ஆ செங் தொட்டியைச் சாக்கடையில் திறந்துவிட்டான்.

5

இதைத் தபாலில் எழுத எனக்கு மனம் வரவில்லை. லாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துக் காட்ட வேண்டும், அந்த யாரோ முதலில் பாதியைத்தான் பரப்புவார்கள். அடுத்த லீவு கிடைக்கும்வரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். லீவுக்கு எழுதிக் கொடுத்த தாளில் காரணம் என்ற இடத்தில் குடும்ப விஷயம் என்று போட்டேன். கிளார்க், கல்யாணமா சாவா என்றார். எதைச் சொல்வது.

லாத்தா கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, மச்சான் எப்போதாவது அந்தத் துப்பாக்கியைத் தொட்டதுண்டா என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை அவள். கையிலிருந்த மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இவுக மௌத்தாப் போறதுக்கு முந்துன வருஷம், ஐப்பசி மழையில சிக்கல்காரரு வந்து தங்குனாருல்ல. துப்பாக்கி கதவு மூலையில சாஞ்சு கெடந்துச்சு, செவந்துபோயி. அவரு தூங்கிட்டாரு. இவுக, மாமா சாமான உப்புக் காத்து தின்னுருமேன்னு, கோழி எறகால வத்தை எண்ணெயை எடுத்து இடுக்கு இடுக்கா விட்டாக. கலயத்த நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

பிறகு நான் சொன்னேன். பிசின், கொக்கி, தொட்டி, வாடை எல்லாம் சொன்னேன். ஐப்பசியில் விட்ட எண்ணெய் மறு வருஷம் மார்கழிக்குள் இறுகியிருக்கும், குளிர்ந்த காலையில் கொக்கி அசையாது, சித்திரை வெயிலில் கொஞ்சம் இளகும், அதனால்தான் கோர்ட்டில் விழவில்லை, அதன்பிறகு வருஷக்கணக்கில் இறுகி இளகாமலே போயிற்று என்று, ஆ செங் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் அழவில்லை. வெகுநேரம் மீனைத் திருப்பினாள், திருப்பியதையே திருப்பினாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"அவரு உசுரோட இருக்காரா?"

நோயில் கிடந்தார். மறுநாளே வண்டி கட்டிச் சிக்கலுக்குப் போனோம். மச்சான் மௌத்தான பிறகு லாத்தா அந்த ரோட்டில் கால் வைத்தது அப்போதுதான். குருசாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவர் மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள்.

எங்களில் ஒருவர் இறந்தால், மையித்தை எடுக்கும்முன் வாரிசு சபையில் நின்று கேட்பது வழக்கம், இவர் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. மச்சான் ஜனாஸாவில் என் வாப்பா கேட்டார். அன்றைக்குக் குருசாமி அடக்கம் செய்யும் கபர்ஸ்தான் வாசலுக்கு வெளியே நின்றார், உள்ளே விடவில்லை. அந்தக் கேள்வி அவர் காதில் விழவில்லை.

லாத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, நடு வீட்டில் நின்று, அதைக் கேட்டாள்.

"அண்ணே, எங்க மாப்பிள்ளை உங்களுக்கு ஒரு தீங்கு செஞ்சுட்டாக. தெரியாமச் செஞ்சாக. அதுக்கு நானும் கையாளு. இத்தனை வருஷம் நீங்க சொமந்தது எங்க சொமை. அவுகளப் பொறுத்துக்கங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தகட்டைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவருடைய விரல் குதிரையை இழுத்தது. கட்டில் சட்டத்தில் தட்டினார். விழவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். விழவில்லை. அவர் சந்தோஷப்படுவார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் தட்டிக்கொண்டே இருந்தார், அவர் மனைவி வந்து கையைப் பிடிக்கும்வரை.

"அன்னைக்கு இப்படி நின்னுருக்கக் கூடாதா" என்றார்.

பிறகு லாத்தாவிடம் திரும்பினார். "தாயி, எனக்காகத் தூக்கம் முழிச்சு மாப்ள எண்ணெய் விட்டுருக்காரு. அதுல பொறுத்துக்கிறதுக்கு என்ன இருக்கு. நான் விரல் வைக்கலன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"நீங்க வைக்கலண்ணே" என்றாள் லாத்தா.

அவர் படுத்துக்கொண்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சிங்கப்பூர் திரும்பிய மழைக்காலத்தில் அவர் இறந்ததாகச் சேதி வந்தது. லாத்தா வாசலில் நின்று அழுதாளாம். ஊர் அதற்கும் ஒரு கதை கட்டியதாம்.

6

தகட்டை அவரும் வைத்துக்கொள்ளவில்லை, லாத்தாவும் வாங்கவில்லை. என்னோடு திரும்பி வந்துவிட்டது. மச்சானின் வருஷ பாத்திஹா அன்று அதை எடுத்து நல்ல எண்ணெயில் துடைத்து வைக்கிறேன். பட்டாளம் இந்த ஊரை விட்டுப் போகப்போகிறது, தொட்டியையும் கொண்டுபோவார்களோ என்னவோ. பட்டறை நின்றாலும் அந்த இரைச்சல் என்னை விடாது என்று நினைக்கிறேன். அதில் எனக்குக் கேட்பது வெடிச் சத்தம் இல்லை. வெடிக்குப் பிறகு வராமல் போன மச்சானின் கூப்பாடுதான்.

ஜைனபைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. "அப்ப அங்கன ஹந்து இல்லையா வாப்பா?" என்றாள். இல்லை என்றேன். அங்கே இரண்டு பேர் முயலுக்குப் போனார்கள், அவ்வளவுதான் என்றேன்.

எழுதலாமா என்று லாத்தாவுக்குக் கேட்டு அனுப்பினேன். "எழுதச் சொல்லுங்க, ஆனா கலயம் எடுத்துக் குடுத்தது வரைக்கும் எழுதச் சொல்லுங்க" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். அதனால் அதையும் எழுதினேன்.

வாலிநோக்கத்திலும் சிக்கலிலும் இதைப் படிக்கிறவர்களே, உங்களிடம் காட்ட என்னிடம் என் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். குருசாமி விரல் வைக்கவில்லை என்று சொல்லும்போது, சீனி முகம்மது எண்ணெய் விட்டார் என்பதை விடாதீர்கள். சீனி முகம்மது எண்ணெய் விட்டார் என்று சொல்லும்போது, அது மாமா சாமான் துருப்பிடிக்கக் கூடாது என்று விட்டது என்பதை விடாதீர்கள். ஒன்றையும் கூட்ட வேண்டாம், ஒன்றையும் குறைக்க வேண்டாம். என் கைக்கு வந்தபடியே உங்கள் கையில் தருகிறேன், அப்படியே அடுத்தவர் கையில் கொடுங்கள்.